மாஸ்ரர் கேட்கும் கேள்வி

வீரகத்தி மாஸ்ரர் தம் மகளைப் பெண் கேட்டு வந்த எவரையும் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. இதை அவர் கிளிநொச்சிச் சந்தையிலும் சொல்வார், கோயில் வீதியிலும் சொல்வார். கேட்பவர்கள் பாவம் இந்த மனிதன் என்று உச்சுக்கொட்டுவார்கள். அவர் சொன்னது பொய்யும் அல்ல. வந்தவர்களுக்குக் கதிரை போடுவார், பலகாரம் வைப்பிப்பார், ஊர் உறவு விசாரிப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். அதன்பின் அவர்கள் தாங்களாகவே எழுந்து போய்விடுவார்கள்.

மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். படித்தவர்களுக்கும் இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி கொடுத்த காலத்தில், காட்டை வெட்டிக் கமம் செய்யப் போகிறேன் என்று மனைவியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறினார். காட்டை வெட்டியவர்கள் கூலிக்காரர்கள். மாஸ்ரர் நிழலில் நின்று பார்த்தார். மனைவி காய்ச்சலில் கண்ணை மூடினாள். மூடுமுன், காணி பிள்ளைக்குத்தான் சீதனம் என்று அவர் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வயலைப் பார்ப்பது மகள் விமலேஸ்வரி. விதைப்புக்கு ஆள் பிடிப்பதும், வாய்க்காலில் தண்ணீர் முறைக்கு நிற்பதும், மாடு கறப்பதும், மாஸ்ரருடைய வேட்டி தோய்ப்பதும் அவளே. அவள் கலியாணம் முடித்துப் போனால் காணியும் போகும், இந்த வேலை அத்தனையும் மாஸ்ரரின் தலையில் விழும். இதை அவர் வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை வரவில்லை, ஆங்கிலம் இருந்தது.

ஆங்கிலேயன் போய், அவனுடைய பாஷை இருந்த கதிரையில் சிங்களம் ஏறி இருந்து சில வருடமாகிவிட்டது. கந்தோர்களில் நரைத்த தமிழ்க் கிளாக்கர்மார் சிங்களச் சோதனைக்குப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரருடைய விறாந்தையில் மட்டும் மகாராணியின் ஆட்சி ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

முதலில் வந்தவர் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். நல்ல மனிதர். மாஸ்ரர் ரீயை உறிஞ்சிக்கொண்டு, ஒருவன் செத்தால் ஆங்கிலத்தில் 'வாளியை உதைத்தான்' என்று சொல்கிறார்களே, தம்பிக்குக் கருத்துத் தெரியுமோ என்று கேட்டார். மனேஜருக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப அது எங்கயிருந்து வந்தது?"

தூக்குப் போடுகிறவன் கவிழ்த்த வாளியில் ஏறி நின்று அதை உதைத்துவிடுகிறானே, அதிலிருந்துதான் என்றார் மனேஜர். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லுற கதை தம்பி. பண்டியை வெட்டேக்கை காலைக் கட்டித் தலைகீழாத் தூக்கிற மரத்துக்கு அந்தக் காலத்திலை அவையள் பக்கற் எண்டுதான் சொல்லுறவை. சாகேக்கை பண்டி அதை உதைக்கும். இது தெரியாமலே உமக்குச் சங்கக்கடையிலை மனேஜர் வேலை தந்தவை?"

பிறகு மனேஜரின் தகப்பன் பக்கம் திரும்பி, இந்தக் காலத்தில் யாரையும் எதற்கும் எடுக்கிறார்கள், உங்கள் பெடியனைச் சொல்லிக் குற்றமில்லை என்று ஆறுதல் சொன்னார். தகப்பன் வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்தார்.

அடுத்தவர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஓர் அப்போதிக்கரி. அதே வாளிதான். அவர் எங்கோ வாசித்திருக்கவேண்டும், பன்றிக் கதையைச் சரியாகச் சொன்னார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற விமலேஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. தப்பிவிட்டோம் என்று நினைத்தாள்.

"பண்டியோ?" என்றார் மாஸ்ரர். "ஆர் தம்பி உமக்கு இந்தக் கதை விட்டது? தூக்குப் போடுறவன் வாளியிலை ஏறி நிண்டு உதைக்கிறதிலையிருந்து வந்த சொல்லு அது. மருந்துப் போத்திலிலை எழுதியிருக்கிறதையாவது ஒழுங்கா வாசிப்பீரோ?"

விமலேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஐயாவுக்கு மறதி வந்துவிட்டதாக்கும் என்று அன்றைக்கு நினைத்தாள். பிறகு வந்த ஒருவரிடம் கடும் மழையைப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டார். கூரைக்குள் படுத்த பூனையும் நாயும் மழைக்கு வழுக்கி விழுந்ததால் என்றார் வந்தவர். இல்லை, வெள்ளத்தில் செத்துத் தெருவில் மிதந்ததால் என்றார் மாஸ்ரர். அதற்கடுத்தவர் வெள்ளம் என்றார். மாஸ்ரர் கூரை என்றார். அவருக்கு மறதி இல்லையென்று அவளுக்கு அப்போது விளங்கிற்று. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மூன்று பிறந்த கதை உண்டு, எது மெய்யென்று சீமையிலேயே ஒருவருக்கும் தெரியாது. மாஸ்ரர் இரண்டையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டு, வந்தவன் எதை எடுக்கிறானோ அதை விட்டு மற்றதை எடுத்துக் காட்டுகிறார். இப்படி ஒரு தகப்பன் உலகத்தில் இருப்பானா என்று அவள் அடுப்படியில் குந்தியிருந்து அழுதாள். அழுதுவிட்டு அவருக்கு இராச்சாப்பாடு போட்டாள்.

போன மாரியில் காணிக் கந்தோர்க் கிளாக்கர் ஒருவர், தரகர்கூட இல்லாமல் தனியாக வந்தார். ஒருவரை முகம் கொடுக்காமல் ஒதுக்குவதைக் 'குளிர்ந்த தோள் காட்டுவது' என்பார்கள், அது எங்கிருந்து வந்தது என்று மாஸ்ரர் கேட்டார். வேண்டாத விருந்தாளிக்குச் சூடான சாப்பாடு கொடுக்காமல் ஆறிப்போன ஆட்டுத்தோள் இறைச்சியை வைப்பார்களாம், அதிலிருந்து என்றார் கிளாக்கர். மாஸ்ரர் சிறிது நேரம் முகட்டைப் பார்த்தார். பிறகு, அப்படியல்ல, பனி கொட்டும் நாட்டில் வேண்டாத விருந்தாளியை வெளிச்சுவரோடு படுக்கவிடுவார்கள், விடியும்போது அவன் தோள் விறைத்துப்போயிருக்கும், அதுதான் என்றார். அந்தக் கிளாக்கரும் போனார். போகும்போது படலையைக்கூடச் சாத்தவில்லை.

இதற்குப் பிறகு தரகர் ஏரம்பருக்கு வெறுத்துவிட்டது. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டிலடிக்கு வந்து, விமலேஸ்வரியிடமே சொன்னார்.

"பிள்ளை, இனி என்னாலை ஏலாது. என்ரை பேரும் கெடுது. கடைசியா ஒண்டு இருக்கு. வவுனியா ஸ்ரேசனிலை சாமான் கந்தோரிலை வேலை, கனகலிங்கம் எண்டு பேர். ரெண்டு தங்கச்சிமாரையும் கரைசேர்க்கிறதுக்காக இவ்வளவு காலமும் கட்டாமல் இருந்த பெடியன். இதுவும் சரிவராட்டி உமக்கு இந்த வயலும் வரம்பும்தான்."

விமலேஸ்வரிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஏரம்பர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்பது அவளுக்கே தெரியும்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பெண்ணை மாப்பிள்ளைக்குத் தூரத்தில் காட்டுவது என்று ஏரம்பர் ஒழுங்கு செய்தார். காட்டுவது மட்டும்தான். கலியாணப் பேச்சு முற்றாகுமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் கதைப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம், நடந்தால் பெண்ணின் பெயர்தான் நாறும். கண்ணகை அம்மன் கோயிலைச் சுற்றிச் சனம் நெருக்கியது. கனகலிங்கத்தின் தாய் நாகேஸ்வரி பொங்கற்பானையடியில் நின்றாள். அவன் நந்திக்கடல் பக்கமாக ஒரு மரத்தின் கீழ் நின்றான். ஏரம்பர் வெற்றிலை வாங்கப் போன இடைவெளியில் விமலேஸ்வரி நேரே அவனிடம் நடந்துபோனாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று போனாள்.

"நான் கதைச்சது உங்கட அம்மாவுக்குத் தெரியக்கூடாது. ஐயா உங்களிட்டை ஒரு கேள்வி கேப்பார். எந்த மறுமொழி சொன்னாலும் பிழை எண்டுதான் சொல்லுவார். ரெண்டு கதையையும் நீங்களே சொல்லிப்போடுங்கோ. எது சரியெண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டு முடியுங்கோ. அவருக்கு ஒண்டும் மிச்சம் வையாதேங்கோ."

அவன் முதலில் திகைத்தான், பிறகு சிரித்தான். "இதென்ன, சோதினைக்கு முதல் பேப்பரை வெளியாலை விடுற மாதிரியெல்லோ இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. வாளி, பூனை நாய், குளிர்ந்த தோள் என்று கதவுக்குப் பின்னால் கேட்டதெல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவன் சிரிப்பை விட்டுக் கவனமாகக் கேட்டான்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீர்?"

"ஆரிட்டைச் சொல்லுறது? வந்தவை ஒருத்தரும் குசினிப் பக்கம் திரும்பிப் பாக்கேல்லை."

அவன் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பஸ்ஸில் வீடு வரும்வரை மனதுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். சந்தோசம் என்றால் என்னவென்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஆனி பிறந்து ஒரு நல்ல நாளில் கனகலிங்கமும் தாயும் ஏரம்பரும் வந்தார்கள். விமலேஸ்வரி பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுட்டு வைத்திருந்தாள். மாஸ்ரர் சால்வையை ஒழுங்குபண்ணிக்கொண்டு, மழை தண்ணி, ரெயில்வே, வவுனியா வெயில் எல்லாம் கதைத்து முடித்து, வாளிக்கு வந்தார்.

"அதுக்கு ரெண்டு கதை சொல்லுவினம் மாஸ்ரர்," என்றான் கனகலிங்கம். தூக்குக்காரனையும் சொன்னான், பன்றியையும் சொன்னான். "எது சரியெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கதவுக்குப் பின்னால் விமலேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நல்லது," என்றார் மாஸ்ரர். "குளிர்ந்த தோளுக்கு என்ன சொல்லுறீர்?"

கனகலிங்கம் அதற்கும் இரண்டு சொன்னான். ஆறிப்போன ஆட்டிறைச்சி ஒன்று. வெளிச்சுவரோடு படுக்கவைத்து விடியும்போது தோள் விறைத்துப்போவது மற்றது. இதிலும் எது மெய்யென்று தெரியாது என்று அழகாக முடித்தான். ஏரம்பர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். மாஸ்ரரும் சிரித்தார். அவர் அப்படி வாய்நிறையச் சிரித்து விமலேஸ்வரி கண்டதில்லை.

"பிள்ளை, ரீ கொண்டு வா. நீயும் வந்து நில்."

அவள் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அதுதான் அவள் செய்த மடத்தனம். அந்த மனிதர் அவளை அங்கே கூப்பிட்டது முகத்துக்கு நேரே அடிக்க.

"அம்மா, உங்கட மகன் கெட்டிக்காரன்," என்றார் மாஸ்ரர் நாகேஸ்வரியிடம். "ரெண்டு கதையும் சொன்ன முதல் ஆள் இவர்தான். எனக்கு ஒரு சின்ன யோசினை மட்டும். அந்தச் சுவரோடை படுக்கவிடுற கதை ஒரு புத்தகத்திலையும் இல்லை. போன மாரியிலை ஒரு கிளாக்கர்ப் பெடியன் இதே கதிரையிலை இருக்கேக்கை, அவரை மடக்கிறதுக்காக நானாக் கட்டிவிட்டது. அந்தப் பெடியன் இப்ப மட்டக்களப்புக்கு மாறிப் போட்டார். அவரைத் தவிர அதைக் கேட்டது இந்த வீட்டிலை ஒரேயொரு காதுதான்."

யாரும் ரீயை எடுக்கவில்லை. மாஸ்ரர் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொன்னார்.

"சொல்லுகள் எங்க பிறந்தது எண்டதிலை எப்பவும் தகராறுதான். தம்பி சொன்ன மறுமொழி எங்க பிறந்தது எண்டதிலை ஒரு தகராறும் இல்லை. என்ரை பிள்ளை அதை உமக்கு எங்க வைச்சுச் சொன்னவள்? அதை மட்டும் சொல்லும்."

நாகேஸ்வரி மகனைப் பார்த்தாள். "தம்பி, நீ இந்தப் பிள்ளையோடை தனியக் கதைச்சனியே?"

கனகலிங்கம் சீமெந்து நிலத்தைப் பார்த்தான். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விமலேஸ்வரி தட்டத்தோடு நின்றாள். ஒரு சொல், ஏதாவது ஒரு சொல் சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். நான் கேட்டுத்தான் அவள் சொன்னாள் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவன் நிலத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களிலை பிழையில்லை மாஸ்ரர்," என்று நாகேஸ்வரி எழுந்தாள். "தாயில்லாமல் வளந்த பிள்ளை. என்ரை பெட்டையள் ரெண்டும் மணவறையிலைதான் மாப்பிளையின்ரை முகம் பாத்தவை. எங்களுக்கு இவ்வளவு துணிஞ்ச பிள்ளை சரிவராது."

கனகலிங்கம் தாயின் பின்னால் போனான். ஏரம்பர் குடையை விரித்துக்கொண்டு, வெயிலே இல்லாத முற்றத்தில் தலையைக் குனிந்து நடந்தார்.

மாஸ்ரர் மிஞ்சிய பணியாரத்தில் இரண்டை எடுத்துச் சாப்பிட்டார். பதமாக வந்திருக்கிறது என்றார். பிறகு மகளைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"முப்பது வரியம் படிப்பிச்சனான். என்னட்டைப் படிச்ச ஒருத்தனும் இதைக் கண்டுபிடிக்கேல்லை. ரெண்டு கதையும் இருக்கு எண்டு நீயாக் கண்டுபிடிச்சாய் பார், அதுக்குத்தான் மூளை வேணும். நீ பொம்பிளைப் பிள்ளையாப் பிறந்திட்டாய்."

அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாமா என்றிருந்த அவளுக்கு, அந்தப் புகழ்ச்சி இனித்தது. சின்ன வயதிலிருந்து ஒருநாளும் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. இனித்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மறுநாட்காலை அவளுக்குத் தண்ணீர் முறை. முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்கால் வாயை வெட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றாள். குளக்கட்டுப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. கனகலிங்கம் இறங்கினான். நேற்றைய சட்டை கசங்கியிருந்தது.

"அம்மாவை வவுனியாக் கோச்சியிலை ஏத்திவிட்டிட்டு நான் கிளிநொச்சியிலை நிண்டிட்டன்," என்றான். "வாரும். இண்டைக்கே கலியாணப் பதிவுகாரரிட்டைப் போவம். கிளிநொச்சி ஸ்ரேசன் மாஸ்ரர் சாட்சிக்கு வாறன் எண்டவர். காணி பூமி ஒண்டும் வேண்டாம். அம்மா கொஞ்ச நாளையிலை சரிவருவா."

அவள் இவ்வளவு வருடமும் எதற்காகக் கதவுக்குப் பின்னால் நின்றாளோ அது இப்போது வரம்பில் வந்து நிற்கிறது. ஓம் என்று சொன்னால் போதும். காலைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறவேண்டியதுதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நேற்று ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"அம்மாவுக்கு முன்னாலை எதிர்த்துக் கதைச்சுப் பழக்கமில்லை. அவாவுக்கு ஒரு மரியாதை..."

"அது மரியாதை இல்லை. பயம்."

அவன் யோசித்தான். நேர்மையான மனிதன், உண்மையைத் தேடித்தான் யோசித்தான். "ஓம். பயந்துதான் போனன். இரவு முழுக்க அதைத்தான் நினைச்சனான்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? ஆனால் அவள் நெஞ்சுக்குள் நேற்று இனித்த அதே இனிப்பு மறுபடி ஊறியது. அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு அம்மாவிலை மரியாதை இல்லை."

"மரியாதையும்தான், பயமும்தான். ரெண்டும்தான் விமலா."

"ஒரு கேள்விக்கு ரெண்டு கதை சொல்லுற ஆளை நம்பி நான் எப்பிடி வாறது?"

சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. இரண்டு கதையும் சொல்லச் சொல்லி நந்திக்கடலடியில் கெஞ்சியவள் அவள்தானே. வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது, கை மண்வெட்டியை விடவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு வேறு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைத்தெறிய அவளால் முடியவில்லை.

கனகலிங்கம் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். பயந்த பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"உம்மட ஐயா வீட்டுக்கை இருப்பார் எண்டு நினைச்சுத்தான் நான் வயலுக்கு வந்தனான்," என்றான்.

சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய், மதகடியில் ஏறி மிதித்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அவன் பெயரை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது சொல்லலாம், இப்போதாவது சொல்லவேண்டும் என்று தொண்டைவரை கொண்டுவந்தாள். சொல்லவில்லை. அடுத்த வயல்காரர் மண்வெட்டியோடு வந்து, தன்னுடைய முறை தொடங்கிவிட்டதென்று சத்தம்போட்டபோதுதான், தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு றோட்டோரக் கானில் வீணாக ஓடிக்கொண்டிருப்பதை அவள் கண்டாள்.